வரவில்லை என்று சொல்லும் மரியாதை

கணியம்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் முன்பெல்லாம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, ஆம்பூர் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டை சிப்காட், இந்த மூன்றில் ஒன்று. கிடைத்ததை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். இப்போது ஸ்ரீபெரும்புதூரும் ஓசூரும் கூப்பிடுகின்றன. கையில் இரண்டு ஆஃபர் லெட்டர் இருப்பது அதிசயமில்லை.

அக்கா மகன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குச் சரி என்று மெயில் போட்டுவிட்டான். மெர்ச்சண்டைசர் வேலை: வெளிநாட்டு பையரின் சாம்பிளுக்கும் டேனரியிலிருந்து வரும் தோலுக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்பதிலிருந்து சரக்கு கப்பலேறும் தேதி வரை இவன் பொறுப்பு. சேருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒன்றரை மடங்கு சம்பளத்தில் அழைப்பு.

"தாம்பூலம் மாத்தின பிறகு வேற இடம் பார்க்கிறதா?" என்றார் அத்தான்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சம் ஆண்டுச் சம்பளத்துக்குத் தேர்வாகிக் காத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று கேட்டது. நிறுவனம் மாற்றினால் சந்தை நிலவரம், பையன் மாற்றினால் வாக்குத் தவறலா? சட்டமும் யாரையும் பிடித்துவைத்து வேலை வாங்கச் சொல்வதில்லை. பாண்டில் கையெழுத்திட்டிருந்தால் மட்டும் கணக்கு வேறு. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இவன் எதிலும் கையெழுத்திடவில்லை.

ஆனால் அவன் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "போனை எடுக்கலைன்னா அவங்களே புரிஞ்சுக்குவாங்க மாமா."

"இப்பவே பேசுடா" என்றேன். ஸ்பீக்கரில் போட்டான். ஹெச்.ஆர். அம்மா கோபப்படவில்லை. "சரிப்பா, இன்னிக்காவது சொன்னியே. உனக்கு அடுத்து பேர்ணாம்பட்டுப் பொண்ணு ஒண்ணு லிஸ்ட்ல இருந்துச்சு. இடம் இல்லைன்னு சொல்லிட்டேன். அது வேற எங்கயும் சேர்றதுக்குள்ள கூப்பிடணும்" என்று வைத்துவிட்டார்.

பையன் முகம் அப்போதுதான் மாறியது. கம்பெனிக்கும் தனக்கும் நடுவில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைத்திருந்தான். இவன் சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் லிஸ்டில் அடுத்த பெயர்க்காரரின் நாள்.

நல்ல சம்பளத்துக்குப் போவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பாட்டி செத்துப்போனாள், வயிற்றுவலி என்று கதையும் கட்ட வேண்டாம். முடிவெடுத்த அன்றே "வேறு இடத்தில் சேருகிறேன், உங்கள் நேரத்துக்கு நன்றி" என்று சொல்லிவிட்டால் போதும். அதைச் சொல்லத் தயங்கும் நாட்களுக்குத்தான் கணக்கு இருக்கிறது. அதைக் கட்டுவது கம்பெனி இல்லை.