எட்டு மணிக்கு மேல் ஃபிக்ஸ் நிற்காது

நாராயண்காவில் நாசிக் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, திராட்சைத் தோட்டங்களையும் தக்காளி வயல்களையும் தாண்டினால் கோடத். புனேவிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் என்பதால் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். வாசலிலேயே கைப்பேசியை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். இங்கே வானத்திலிருந்து பிடிக்கிற சமிக்ஞைக்கு முன்னால் ஒரு கைப்பேசி பெருங்கூச்சல்.

45 மீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் அடியில் நின்று அண்ணாந்தால் நீலம் தெரிகிறது. தகடே கிடையாது. அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள எஃகுக் கம்பி வலையை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மீட்டர் நீள அலைக்கு அந்தக் கண்களில் நுழைய வழியில்லை, காற்றுக்கு உண்டு. இப்படி 30. அவற்றில் 14 நடுவில் நெருங்கி நிற்கின்றன, மீதி 16 மூன்று கிளைகளாகப் பிரிந்து 25 கிலோமீட்டர் பரப்பில்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. இத்தனை வடக்கே ஏன் வந்தார்கள்? இதை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப் 1970-இல் கட்டிய தொலைநோக்கி நம் ஊட்டியில் இருக்கிறதே! கோடத்தைத் தேர்ந்ததற்கு ரேடியோ இரைச்சல் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, காந்த நடுக்கோட்டிலிருந்து விலகினால், மேலே எலக்ட்ரான்கள் நிறைந்த அடுக்கான அயனமண்டலம் ஓரளவு அடங்கியிருக்கும். அதே சமயம் தென்வானமும் கையை விட்டுப் போகாது.

இந்தியாவில் அந்தக் கோடு தென்கோடியில், திருநெல்வேலிப் பக்கம் ஓடுகிறது. அங்கே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்த நிறுவனம் ஆய்வகமே வைத்திருக்கிறது. பகலில் கிழக்கு நோக்கிய மின்புலமும் கிடையாய்ப் படுத்த காந்தப்புலமும் சேர்ந்து எலக்ட்ரான்களை மேலே தூக்குகின்றன. ஏறியவை நீரூற்றுப் போல வடக்கிலும் தெற்கிலும் வழிந்து இறங்குகின்றன. வடக்கே அவை குவிந்து எழும் மேடு அகமதாபாத், போபால் வட்டாரத்தில். புனே ஏற்றத்தின் நடுவழியில்.

ஜிபிஎஸ்ஸுக்கு இதில் என்ன நஷ்டம்? அதன் சமிக்ஞையும் இந்த எலக்ட்ரான்களைக் கடந்துதான் வருகிறது. ஒரு சதுர மீட்டர் குறுக்களவுள்ள பாதையில் 1-க்குப் பின்னால் 16 சுழியம் போட்ட அளவு எலக்ட்ரான் இருந்தால் ஓர் அலகு. ஓர் அலகுக்கு ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசையில் 16 சென்டிமீட்டர் தூரம் கூடுதலாகக் காட்டும். சூரியன் கொதிக்கிற வருடத்தில் நண்பகலுக்குப் பிறகு 100 அலகு தொடுவதுண்டு. அப்போது 16 மீட்டர், செயற்கைக்கோள் தாழ்வாக இருந்தால் இன்னும் அதிகம். ஜிபிஎஸ் அனுப்பும் எட்டு எண்களை வைத்துப் போடும் குளோபுச்சர் திருத்தம் சுமாராகப் பாதியைத்தான் கழிக்கும். இரண்டு அலைவரிசை கேட்கும் கருவி தாமதத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் என்ற இரண்டிலும் ஒலிபரப்புவது அதற்காகவும்தான்.

ஆனால் பொழுது சாய்ந்தால் கதை வேறு. என்னோடு வந்த சர்வேயர் தம்பி புனேவில் சாலை வேலை பார்க்கிறார். "டிராஃபிக் இருக்காதுன்னு ராத்திரியில அளக்கச் சொல்வாங்க சார். மார்ச் மாசம் எட்டு மணிக்கு மேல சில நாள் ஃபிக்ஸே நிக்காது. ஃப்ளோட்டுக்குப் போயிடும். ரோவர்தான் ரிப்பேர்னு திட்டு வாங்கியிருக்கேன்." ஃபிக்ஸ் என்றால் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் உறுதியாவது, ஃப்ளோட் என்றால் அந்த உறுதி போய்விட்டது. ரோவர் அவர் கையோடு கொண்டுபோகும் ஜிபிஎஸ் கருவி, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. சூரியன் மறைந்தபின் அடியடுக்கு சீக்கிரம் கரைய, அடர்த்தி குறைந்த பிளாஸ்மாக் குமிழிகள் கிளம்பி மேலே ஏறுகின்றன. அவற்றின் விளிம்பில் சமிக்ஞை மினுங்கி அறுந்துபோகிறது. சமிக்ஞையே இல்லாதபோது எந்தத் திருத்தத்தை எதில் போடுவது? நம் பகுதியில் மார்ச், ஏப்ரலும் செப்டம்பர், அக்டோபரும் இதற்குப் பேர்போன மாதங்கள்.

கட்டுப்பாட்டு அறைப் பக்கம் விளக்கம் சொன்ன பொறியாளரிடம் அயனமண்டலத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றேன். இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த பிரகாசமான ரேடியோ மூலம் ஒன்றை அவ்வப்போது பார்ப்பார்களாம். அதில் தெரியும் பிசகைக் கழித்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். கழித்ததைக் குப்பையில் போடாமல், இந்தூர் ஐஐடி ஆய்வாளர்கள் அதையே எடுத்து அயனமண்டலத்தைப் படித்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டெனாக்களின் தலைக்கு மேல் உள்ள வேறுபாடு ஓர் அலகில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றாலும் இந்த முறையில் பிடிபடும்.

ககன் என்னும் நம் ஜிபிஎஸ் திருத்த அமைப்பும் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த அதில், இடம் தெரிந்த தரை நிலையங்கள் பிழையை அளந்து செயற்கைக்கோள் வழியாகத் திருத்தம் அனுப்புகின்றன. அமெரிக்கர்கள் அயனமண்டலத்தை ஒற்றைப் படலமாகக் கொண்டு கணக்குப் போட்டார்கள். அவர்கள் வானம் அதற்கு இடம் கொடுத்தது. இங்கே ஊற்றின் சரிவு செங்குத்து என்பதால் இஸ்ரோ பல அடுக்குக் கணக்கைத் தனியாக உருவாக்க வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் துணையோடு இறங்கியதற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. சர்வேயர் தம்பிக்குத் தேவை சென்டிமீட்டர். அது ககனின் வேலையல்ல. எட்டு மணிக்கு முன் அளவை முடித்துவிடுகிறேன் என்று மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறாராம்.