மணலும் மாணிக்கமும்

கொஞ்சம் நீளமான பதிவு.

மூன்று மாதமாக நானும் பேத்தியும் மலைக்குள் கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறோம். கணினியில்தான். விளையாட்டின் பெயர் ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி உருவாக்கி 2006-இல் வெளியிட்டது. அப்போது வெறும் எழுத்துக் குறிகள்தான். படங்களோடு 2022-இல் வந்தது. குள்ளர்களுக்கு நாம் வேலை சொல்ல வேண்டும். அவர்கள் செய்வார்கள், அல்லது குடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள்.

பேத்திக்கு ரத்தினங்கள்தான் உயிர். சுரங்கம் தோண்டும்போது பாறைக்குள் மாணிக்கமோ மரகதமோ தட்டுப்பட்டால் துள்ளுவாள். பட்டை தீட்ட எரிபொருள் வேண்டாம், பட்டறையும் ஆளும் போதும். தீட்டிய கல்லை மேசையில் பதிக்கலாம், கோப்பையில் பதிக்கலாம். மூன்று கல் சேர்ந்தால் ஒரு ஜன்னல். ஆனால் மலையில் இருப்பது அவ்வளவுதான். தோண்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது.

மணல் அப்படியில்லை. எத்தனை பை அள்ளினாலும் அதே இடத்தில் குறையாமல் இருக்கும். உலையில் இட்டால் பச்சைக் கண்ணாடி. விலை மலிவு. பாறைக்குழம்பின் மேல் உலை அமைத்தால் கரிச் செலவும் கிடையாது. பேத்தி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

போன வாரம் எங்கள் கண்ணாடிக்காரருக்கு ஆவேசம் வந்தது. இந்த விளையாட்டில் சில குள்ளர்களுக்கு அது வரும். பட்டறையைப் பிடித்துக்கொண்டு, கேட்ட பொருள் வரும்வரை நகர மாட்டார்கள். வராவிட்டால் புத்தி பேதலித்து, கடைசியில் உயிரே போகும். அவர் கேட்டது ஒரு ரத்தினக் கல், தெளிந்த கண்ணாடி. கல் குவியலாகக் கிடந்தது. தெளிந்த கண்ணாடி ஒரு துண்டுகூட இல்லை.

அதற்கு மணல் மட்டும் போதாது. மரத்தை எரித்துச் சாம்பலாக்க வேண்டும், சாம்பலிலிருந்து பொட்டாஷ், அதைச் சூளையில் சுட்டு வெள்ளையாக்கினால் பேர்ல்-ஆஷ். பிறகுதான் உலை. அந்த உலையையும் அவர் பிடித்துக்கொண்டாரே! இன்னொன்று கட்டினோம். ஒருவர் மரம் வெட்ட, ஒருவர் எரிக்க, பேத்தி நகம் கடிக்க.

அந்தப் பதற்றத்தில்தான் கேட்டாள்: "தாத்தா, மணல் இருக்கு, நெருப்பு இருக்கு. சாம்பல் எதுக்கு?"

முப்பத்தோரு வருடம் வேதியியல் நடத்தியவன் நான். கண்ணாடிப் பாடம் வந்தால் வகுப்பே கொட்டாவி விடும், "பரீட்சைக்கு வருமா சார்?" என்பதைத் தவிர வேறு கேள்வி வந்ததில்லை. இங்கே ஒரு உயிர் தொங்குகிறது, அதனால் கேள்வி வருகிறது. விளையாட்டை நிறுத்திவைத்துச் சொன்னேன். சுத்தமான மணல் உருக ஏறக்குறைய 1,700 டிகிரி வேண்டும். சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் சேர்ந்தால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகும். இடைக்கால ஐரோப்பாவில் காடுகளுக்குள்ளேயே உலை வைத்து, மரச்சாம்பலைக் கொண்டுதான் கண்ணாடி செய்தார்கள்.

"அப்போ பச்சை நிறம்?" மணலில் கலந்திருக்கும் இரும்பு, என்றேன். பேர்ல்-ஆஷ் சேர்ப்பதால் இரும்பு போகாது. அந்த இடத்தில் விளையாட்டு கொஞ்சம் சுருக்கிவிட்டது. சுண்ணாம்பையும் மறந்துவிட்டார்கள். வெறும் மணலும் பொட்டாஷும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையும். ஆடம்ஸ் சகோதரர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

"சரி தாத்தா, ஓட்டுங்க, அவர் செத்துடுவார்."

முதல் தெளிந்த கண்ணாடி உலையிலிருந்து வந்ததும் கண்ணாடிக்காரர் எழுந்து ஓடிவந்து எடுத்துப்போனார். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது: ஒரே ஒரு குவளை, அதில் ஒரு மாணிக்கம். கோட்டையிலேயே விலை உயர்ந்த பொருள் இன்று அதுதான்.

பேத்தி இப்போது மணல் அள்ள மூன்று பேரை நியமித்திருக்கிறாள். சுண்ணாம்பு இல்லாத குவளையில் சாராயம் ஊற்றினால் கரையுமா என்று நேற்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.