நாற்பது பக்க நோட்டுப் புத்தகம்

பெரிய மனிதர்கள் காலமானால் பத்திரிகைகளில் படம் போடுகிறார்கள். கூட்டம் கூட்டி அநுதாபத் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். என் சிநேகிதருக்கு அந்தப் பாக்கியமெல்லாம் கிடையாது. அவர் மேடை ஏறியதில்லை. கழுத்தில் மாலை விழுந்ததே இரண்டு தடவைதான். கல்யாணத்தன்று ஒன்று, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று மற்றொன்று. இரண்டாவது மாலையை வீடு வந்து சேருவதற்குள் தெருவில் நின்ற பசுமாட்டுக்குக் கொடுத்துவிட்டார்!

2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், எண்பது வயது நிறைந்த சில வாரங்களில், அவர் கண்ணை மூடினார். அன்றிலிருந்து அவரைப் பற்றி யாரிடமாவது, முக்கியமாகப் பெண்மணிகளிடம், சொல்லியே தீரவேண்டும் என்று எனக்குத் தோன்றிக் கொண்டிருக்கிறது. ஏன் பெண்மணிகளிடம் என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. சற்றுப் பொறுத்துக் கொள்ளுங்கள்.

அவர் பெயர் மட்டும் வேண்டாம். உயிரோடிருந்தால், "என்னைப் பற்றி எழுத என்னடா இருக்கு?" என்று சண்டைக்கு வந்திருப்பார்.

நாங்கள் இருவரும் மாயவரத்துக்காரர்கள். அந்த ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது; 2020-ல் தனி ஜில்லாவாகவும் ஆகிவிட்டது. எங்கள் வாய்க்கு மட்டும் அது மாயவரம்தான். என்னைவிட அவர் எட்டு மாதம் மூத்தவர். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே காவிரி. அவருடைய தகப்பனாருக்குப் பட்டமங்கலத் தெருவில் சின்ன மளிகைக் கடை ஒன்று இருந்தது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்த மனிதருக்கு மனக்கணக்கு. "எதற்கு எழுதணும்? எல்லாம் இங்கே இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.

1954-ஆம் வருஷம், என் சிநேகிதருக்குப் பதினொரு வயதாகும்போது, ஒரு நாள் இரவு மார்வலி என்று சொன்னவர் விடிவதற்குள் போய்விட்டார். மனக்கணக்கும் அவருடனேயே போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்தது என்ன தெரியுமா? கடன் வாங்கினவர்கள் எல்லாரும் ஊமையாகிவிட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் மட்டும் வரிசையாக வாசலில் வந்து நின்றார்கள். அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உறவுக்காரர் ஒருவர் வந்து, "வெறும் ரசீது அம்மா இது" என்று சொல்லி ஒரு காகிதத்தில் கட்டைவிரல் ரேகை வாங்கிக் கொண்டு போனார். அது ரசீது இல்லை, கடையையே எழுதிக் கொடுக்கும் பத்திரம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. விதவைக்குச் சொத்தில் முழுப் பாத்தியதை கொடுத்த இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல்தான் வந்தது. சட்டம் வந்திருந்தால் மட்டும் என்ன? காகிதத்தில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமே!

அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் அந்த அம்மாள் உட்கார்ந்து, கட்டைவிரலில் ஒட்டியிருந்த மையைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்க அது போகவில்லை. பக்கத்தில் என் சிநேகிதன் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றான். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பல வருஷங்கள் அந்த அம்மாள் முறுக்குச் சுற்றியும் அப்பளம் இட்டும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள்.

1962-ல் அவருக்குப் பெரம்பூர் ரெயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எனக்குத் தபால் இலாகாவில் கிடைத்தது. பட்டணத்துக்கு ஒரே ரெயிலில் வந்து இறங்கினோம். அவர் ஐ.சி.எப். காலனிப் பக்கம் குடியேறினார். நான் சைதாப்பேட்டைக்குப் போனேன். நடுவில் பட்டணமே இருந்தாலும் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சந்திக்காமல் இருந்ததில்லை.

1968-ல் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. அண்ணி சீர்காழிப் பக்கத்துக் கிராமம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, அந்த எழுத்துக்களும் மறந்து போயிருந்தன. இரண்டு பெண், ஒரு பிள்ளை பிறந்தார்கள். குடும்பஸ்தர் என்றால் அவரைப் போல ஒரு குடும்பஸ்தரை நான் பார்த்ததில்லை. காலையில் காய்கறி நறுக்குவது அவர் வேலை. "ஆண்பிள்ளை அரிவாள்மணையில் உட்காரலாமா?" என்று பக்கத்து வீட்டார் கேலி செய்வார்கள். "நான் தொழிற்சாலையில் எஃகையே வெட்டுகிறேன், வெண்டைக்காய் வெட்டினால் என்ன?" என்பார். சனிக்கிழமை தோறும் மூன்று குழந்தைகளுக்கும் எண்ணெய் தேய்த்துவிடுவதும் அவரே.

1983-ல் கடைக்குட்டிப் பையனும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், "இனிமேல் உனக்குப் பாடம்" என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணிக்கு அப்போது முப்பத்து நாலு வயது.

"இந்த வயசிலே எனக்கென்னங்க படிப்பு? ஊர் சிரிக்காதா?" என்றாள் அண்ணி.

"மாயவரத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் பேசுகிற பேச்சா இது? முடவன் முழுக்கு எதற்கு வைத்திருக்கிறார்கள்?" என்றார் அவர்.

முடவன் முழுக்கு என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐப்பசி மாதம் முழுவதும் மாயவரத்தில் காவிரி ஸ்நானம் விசேஷம். கடைசி நாளைக் கடைமுகம் என்பார்கள். நடக்க முடியாத ஒருவன் அந்தப் புண்ணியத்துக்கு ஆசைப்பட்டு, தட்டுத் தடுமாறித் துலாக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டதாம். அவன் அழுதானாம். "நீ இன்றைக்கு முழுகினாலும் அதே பலன் உண்டு" என்று ஸ்வாமி அருள் செய்தாராம். இன்றைக்கும் கார்த்திகை முதல் தேதி ஜனங்கள் அங்கே முழுகுகிறார்கள்.

அவர் பாடம் சொல்லிக் கொடுத்த விதம் வேடிக்கையானது. அரிச்சுவடி வாங்கவில்லை, வாரப் பத்திரிகை வாங்கினார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடர்கதையை உரக்கப் படிப்பார். கதாநாயகி கதவைத் திறக்கப் போகும் இடத்தில் டக்கென்று நிறுத்தி, "தூக்கம் வருகிறது. மிச்சத்தை நீயே படித்துக் கொள்" என்று படுத்துவிடுவார்! கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியாமல் எந்தப் பெண்பிள்ளைக்குத் தூக்கம் வரும்? அண்ணி விளக்கடியில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் அவருக்கு முன்னால் அவள் படித்து முடித்துக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

தொடர்கதைக்குப் பிறகு ரேஷன் கார்டு; அப்புறம் மின்சாரக் கணக்கு; அப்புறம் அவருடைய சம்பளச் சீட்டு. அதற்குப் பிறகு பாங்கி. மாதா மாதம் பணம் போடுவதும் எடுப்பதும் அண்ணியின் காரியம் என்று ஏற்பட்டது. அவர் கூடப் போவார். ஆனால் உள்ளே போகமாட்டார். வாசலில் மரத்தடியில் நிற்பார். "நான் குடைக்குக் காவல்" என்பார்.

ஒரு நாள் நானே கேட்டேன்: "நீ இருக்கும்போது அவளை எதற்கடா அலைக்கழிக்கிறாய்?"

அதற்கு அவர் ரெயில்பெட்டிக் கணக்கில் பதில் சொன்னார். பழைய நாள் பெட்டிக்கு அடியில் இரும்புச் சட்டம், அதன் மேலே மரத்தால் ஒரு வீடு. பாரம் முழுவதும் அடிச்சட்டத்தின் தலையில். மோதல் ஏதாவது நேர்ந்தால் மரக்கூடு நொறுங்கிவிடும். ஸ்விட்ஸர்லாந்துக்காரர்களின் ஒத்துழைப்போடு அமைத்து, 1955-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி நேரு திறந்து வைத்த பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்த பெட்டி அப்படியல்ல. அடி, பக்கம், கூரை எல்லாம் எஃகு. எல்லாவற்றையும் பற்றவைத்து ஒரே கூடாக ஆக்கியது. பாரத்தை எல்லாம் சேர்ந்து தாங்கும். (அந்த மாதிரிப் பெட்டிகளை அங்கே 2018 ஜனவரி வரையில் செய்தார்கள்.)

"எங்கப்பா அடிச்சட்டமாக இருந்தார். அவர் போனதும் மேலே இருந்த வீடு பொடிப்பொடியாகப் போச்சு. என் வீட்டை நான் அப்படிக் கட்டமாட்டேன்" என்றார்.

நாற்பத்தோரு வருஷ வேலை முடிந்து 2003-ல் ஓய்வு பெற்றார். மறுநாள் காலை கடைக்குப் போய் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். மாறாத விஷயங்களைப் பேனாவால் எழுதினார். மாறக்கூடியவற்றைப் பென்சிலால் எழுதினார். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ரப்பரால் அழித்துத் திருத்துவார். அண்ணியையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்வார்.

அதில் என்ன இருந்தது? பாங்கிக் கணக்கு எண். அது இருவர் பெயரிலும், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் எடுக்கும்படி இருக்கிறது என்ற குறிப்பு. இன்ஷியூரன்ஸ் பத்திரம் எந்தப் பெட்டியில், நியமனதாரர் யார் என்ற விவரம். வீட்டுப் பத்திரம், வரி ரசீது. "நான் போனால் 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்யவும். சான்றிதழ் பத்துப் பிரதி வாங்கவும். எல்லா இடத்திலும் கேட்பார்கள்." "பென்ஷன் உத்தரவில் உன் பெயர் இருக்கிறது. குடும்பப் பென்ஷன் நூற்றுக்கு 30 வீதம் வரும். இது தர்மம் இல்லை, 1964-லிருந்து இருக்கும் உரிமை. யாரிடமும் கெஞ்ச வேண்டாம்." "வருஷா வருஷம் நவம்பரில் உயிரோடிருக்கும் சான்று கொடுக்க மறக்காதே." கடைசியில் ஒரு வரி: "படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. அவசரப்படுத்துகிறவனை நாளைக்கு வரச் சொல்."

நான் வேலை பார்த்த காலத்தில் சேமிப்பு வங்கி ஜன்னலுக்கு எத்தனையோ அம்மாக்கள் வந்திருக்கிறார்கள். "அவர் ஏதோ போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாருங்க" என்பார்கள். கணக்கு எண் தெரியாது. புத்தகம் எங்கே என்று தெரியாது. புருஷனைப் பறிகொடுத்த துக்கம் ஒரு பக்கம், நாலு பேர் முன்னால் விழிக்க வேண்டிய வெட்கம் ஒரு பக்கம். அவர்களுடைய புருஷர்கள் கெட்டவர்கள் இல்லை. ‘அவளுக்கு ஏன் இந்தத் தொல்லை?’ என்று நினைத்த நல்லவர்கள்தான்.

என் சிநேகிதருக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடும்பம் முடிந்துவிடவில்லை. 2011-ல் என் மனைவி பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அந்தப் பத்தொன்பது இரவும் வராந்தா பெஞ்சியில் எனக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. எழுந்து போனதாகவும் ஞாபகம் இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டைக்குள் புகுந்தபோது டெலிபோன் பேசவில்லை, மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் காலை மாடிப்படியில் யாரோ இருமும் சத்தம் கேட்டது. பார்த்தால், எழுபத்திரண்டு வயது மனிதர், பாதி பஸ்ஸிலும் பாதி நடையிலுமாக வந்து, தலைமேல் பையோடு நிற்கிறார். பையில் பால்பவுடர், மெழுகுவர்த்தி, அண்ணி கொடுத்தனுப்பிய புளிச்சோறு!

அப்பேர்ப்பட்டவர் போனபோது இரண்டு நாள்தான் படுத்திருந்தார். அண்ணி அழுதாள், நன்றாக அழுதாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், நோட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பாங்கிக்குக் கிளம்பினாள். மகன் கூட வருகிறேன் என்றான். "வா, ஆனால் வாசலிலே நில்லு" என்று சொல்லிவிட்டாள். உள்ளே இருந்த அதிகாரி எழுந்து நின்று, "துணைக்கு யாராவது வந்திருக்கிறார்களா அம்மா?" என்று பரிவோடு கேட்டாராம். "எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டுத்தான் போயிருக்காருங்க" என்று பதில் சொல்லி, விண்ணப்பத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை நிதானமாகப் படித்துவிட்டு, எழுபத்து நாலு வயது அண்ணி கையெழுத்துப் போட்டாள். மை விரலில் படவில்லை, காகிதத்தில்தான் பட்டது.

சகோதரிகளே, ஏன் உங்களிடம் சொல்ல ஆசைப்பட்டேன் என்பது இப்போது புரிந்திருக்கும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றும் பெரிய விலை இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுக்காரர் நல்ல மனநிலையில் இருக்கும்போது அவர் முன்னால் வைத்துப் பேனாவையும் கொடுங்கள். ‘அபசகுனமாக இதென்ன பேச்சு’ என்றால் என் சிநேகிதர் கதையைச் சொல்லுங்கள். அந்தப் புத்தகத்தில் பேர் எழுதின பிறகு அவர் இருபது வருஷம் சௌக்கியமாக இருந்தார்!

அந்த வருஷத் தீபாவளி நவம்பர் 12-ந் தேதி வந்தது. துக்கம் நடந்த வீடு, பண்டிகை கிடையாது. நானும் தனிக்கட்டை, வெளியில் வெடிச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். டெலிபோன் மணி அடித்தது. அண்ணிதான்.

"தம்பி, பண்டிகை இல்லை, சாப்பாடு உண்டு. புறப்பட்டு வாங்க" என்றாள்.

"இந்தச் சமயத்தில் உங்களுக்கு எதற்கு அண்ணி சிரமம்?" என்றேன்.

"நான் என்ன செய்யறது? புத்தகத்திலே எழுதி வச்சிருக்காரே! கடைசிப் பக்கத்திலே, பேனாவாலே" என்று சொல்லி, அதைப் படித்தும் காட்டினாள். எழுத்துக் கூட்டாமல், தங்குதடையில்லாமல் படித்தாள்:

"மாயவரத்தான் தீபாவளியன்று தனியாகச் சாப்பிடக் கூடாது. கூப்பிடவும்."