வைரஸ் என்று ஒரு பொய்

திருப்பூரில் இருக்கும் என் சித்தப்பா போன வருஷம் வரைக்கும் பணம் கட்டி ஆன்டிவைரஸைப் புதுப்பித்து வந்தார். தேதி நெருங்கினால் எனக்கு போன் போட்டு ஞாபகப்படுத்துவார். நான் சொன்ன ஒரு பொய்யால் வந்த செலவு அது. செலவோடு போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சித்தப்பாவுக்குப் பனியன் ஏற்றுமதி. பெரிய கம்பெனி என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு பையர்களிடம் ஆர்டர் பிடித்து, நிட்டிங், டையிங், ஸ்டிச்சிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க் கொடுத்து, முடித்து அனுப்புகிற அளவுதான். விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவர் வியாபாரமே ஸ்கைப்பில்தான் நடந்தது. பர்ச்சேஸ் ஆர்டரும் இன்வாய்ஸும் மெயிலில் வரும், போகும். காலர் அளவை அரை சென்டிமீட்டர் குறைப்பது, லேப் டிப் என்கிற சாயச் சாம்பிளில் எந்த ஷேடு சரி என்பது, ஷிப்மென்ட் ஒரு வாரம் தள்ளிப்போவது எல்லாம் சாட்டில். பையர் 'ஓகே' என்று தட்டிவிட்டால் அதுதான் அப்ரூவல்.

அந்த ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்ப்பவன் நான். படித்தது பி.காம். கம்ப்யூட்டர் அறிவெல்லாம் அங்கே இங்கே படித்த டிப்ஸ்தான். ஆனால் சுத்தம் செய்வதில் மட்டும் ஒரு வெறி இருந்தது. க்ளீனர் மென்பொருளை ஓடவிட்டால் 'இத்தனை பிழைகள்' என்று சிவப்பு எழுத்தில் எண்ணிக்கை ஏறும். எல்லாவற்றையும் சரிசெய் என்ற பட்டனை அழுத்தினால் சரசரவென்று இறங்கிப் பூஜ்யமாகும். பார்க்கப் பார்க்க மனசு குளிரும். 'இப்பத்தான் கண்ணு வேகமா ஓடுது' என்பார் சித்தப்பா. நானும் நம்புவேன்.

வேகம் கூடியிருக்க வழியில்லை. விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி என்பது ஒரு பதிவேடு. எந்த மென்பொருளின் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்பதை லட்சக்கணக்கான பதிவுகளாக அது வைத்திருக்கும். செத்துப்போன பதிவுகள் சில நூறை நீக்கினால் மிச்சமாவது சில கிலோபைட். உயிரோடு இருக்கும் ஒன்றைச் செத்ததாக நினைத்து நீக்கினால் ஏதோ ஒரு மென்பொருள் படுத்துவிடும். இந்த மாதிரி ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. நான் அதைப் படித்தும் இருந்தேன். நீக்குவதற்கு முன் காப்பு எடுத்து வைக்கட்டுமா என்று க்ளீனர் ஒவ்வொரு தடவையும் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துவேன். குப்பைக்கு எதற்குக் காப்பு?

ஒருநாள் காலையில் சித்தப்பா கூப்பிட்டார். "கண்ணு, ஸ்கைப்ப தொறந்தா ஜாவாஸ்கிரிப்ட் வேணும்னு கேக்குது. அது எந்தக் கடைல கெடைக்கும்?"

முந்தின நாள்தான் நான் சுத்தம் செய்துவிட்டு வந்திருந்தேன். அப்போதைய ஸ்கைப்பின் லாகின் பக்கம், விண்டோஸில் இருக்கிற இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பாகங்களை வைத்துத்தான் இயங்கும். அதற்கு ஜேஸ்கிரிப்ட் என்ற கோப்பு ரெஜிஸ்ட்ரியில் பதிவாகியிருக்க வேண்டும். கோப்பு பத்திரமாகத்தான் இருந்தது, பதிவைத்தான் நான் துடைத்திருந்தேன். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஒரு வரி அடித்தால் மறுபடி பதிவாகிவிடும். ஒரு நிமிஷ வேலை. இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அன்றைக்கு நான் செய்தது வேறு. ஸ்கைப்பை நீக்கி, மறுபடி ஏற்றினேன். அதே செய்தி. எக்ஸ்ப்ளோரரின் செட்டிங்குகளை ரீசெட் செய்தேன். அசையவில்லை. ஸ்கைப் மக்கர் செய்தால் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் அதன் ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பாருங்கள் என்று ஒரு யோசனை எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. வேறு கோளாறுக்கான மருந்து அது. அந்த ஃபோல்டருக்குள்தான் மெயின்.டிபி என்ற கோப்பு இருக்கும். அதற்குள்தான் சாட் முழுவதும் இருக்கும். அதனால்தான் 'பெயரை மாற்றுங்கள்' என்று சொல்லியிருந்தார்கள். பழைய ஃபோல்டர் ஒரு மூலையில் சும்மா கிடப்பதை என்னால் பொறுக்க முடியாது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட் தட்டினேன். அப்படி அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது.

கடைசியில் ஷார்ட்கட்டில் ஒரு சொல்லைச் சேர்த்துப் பழைய லாகின் திரையை வரவழைத்தேன். ஸ்கைப் திறந்தது. கான்டாக்ட் எல்லாம் சர்வரில் இருந்ததால் வரிசையாக வந்து நின்றன. ஜெயித்த குஷியில் க்ளீனரை இன்னொரு தடவை ஓடவிட்டேன். அழித்த கோப்புகளின் தடயம்கூட இல்லாமல் காலி இடத்தைத் துடைக்கும் வசதியையும் டிக் செய்துதான் ஓடவிட்டேன்.

"பழைய பேச்சையெல்லாம் காணமே கண்ணு?" என்றார் சித்தப்பா.

கிட்டத்தில் பேசியது கொஞ்சம் வந்திருந்தது. அதற்கு முந்தியது எதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தாலும் அதன் மேல் வேறெதுவும் எழுதப்படாத வரை மீட்டுவிடலாம். நான் எழுதியே முடித்திருந்தேன். ரெக்கவரி மென்பொருளை ஓட்டிப் பார்த்ததில் ஒன்றும் தேறவில்லை.

"வைரஸுங்க சித்தப்பா" என்றேன்.

எப்படி வந்திருக்கும் என்று கேட்டார். ஆபீஸில் மெர்ச்சன்டைசிங் பார்க்கும் பையன் ஒருவன் பென் டிரைவில் பாட்டுக் கொண்டுவந்து கேட்பான். சித்தப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார். "இருக்கலாமுங்க" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான சொல் அதுதான்.

சித்தப்பா திட்டிவிடுவார் என்று பயந்து சொன்னதில்லை. அவர் திட்டுகிற ஆளே இல்லை. விசேஷ வீட்டில் 'நம்ம கம்ப்யூட்டர் இன்ஜினியரு' என்று நாலு பேருக்கு என்னைக் காட்டுவாரே, அது போய்விடுமே என்றுதான். வைரஸ் மேல் பழியைப் போட்டால் அது மறுத்துப் பேசாது. அந்தப் பையன் மறுத்துப் பேசினான். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போது கையில் இருந்த ஒரு ஆர்டரின் சரக்குப் போய்ச் சேர்ந்ததும் பையர் ஷேடு தப்பு என்றார். லேப் டிப்பில் அவர் சாட்டில் ஓகே சொன்ன ஷேடைத்தான் போட்டிருந்தோம். அதைக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த உரையாடலின் இன்னொரு பிரதி அவருடைய கம்ப்யூட்டரில்தான் இருந்திருக்கும். சித்தப்பா கேட்டுப் பார்த்தார். பதில் இல்லை. டிஸ்கவுன்ட் கொடுத்து முடித்தார். அந்தப் பணத்துக்கும் பென் டிரைவ்தான் காரணம் என்று ஆபீஸில் பேச்சாகிவிட்டது. சித்தப்பா அவனைப் போகச் சொல்லவில்லை. அவனே வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

2025 மே 5-ஆம் தேதி ஸ்கைப்பையே மூடினார்கள். வேண்டியவர்கள் தங்கள் பழைய உரையாடல்களை இறக்கி எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்திருந்தார்கள். அதைச் சொன்னபோது, "நம்முளுது எப்பவோ போயிருச்சே கண்ணு" என்றார் சித்தப்பா. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். "அந்தப் பையங்கிட்டச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

அவனுடைய பழைய நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தம்பி, நீ இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு விஷயம். உன் பென் டிரைவில் பாட்டைத் தவிர ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலமே, ஒரு வைரஸாவது இருந்து தொலைக்காதா என்ற ஆசையில் நான் அதை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டேன்.