மத்தியாவின் இடம்

திருநீற்றுப் புதனை அடுத்து வரும் ஞாயிறு மாலையில், கோவில் வளாகத்து வேப்பமரத்தடியில் எங்கள் பாடுகளின் நாடகக் குழு கூடும். தாம்பரத்தை அடுத்த பங்கு ஒன்றில் இருபத்தோர் ஆண்டுகளாக அக்குழுவை நடத்தி வருகிறேன். அன்று நான் முதலில் எடுக்கும் கணக்கு வந்தவர்களைப் பற்றியதன்று, வராதவர்களைப் பற்றியது. சென்ற ஆண்டின் பிலாத்து விமானப்படைக் குடியிருப்பிலிருந்து மாற்றலாகிப் போயிருப்பார். வெரோணிக்காவுக்குத் திருமணமாகி மதுரையில் குடித்தனம். படைவீரர் இருவருக்குச் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் இரவுப் பணி. யூதாசோ வாடகை கட்டுப்படியாகாமல் கூடுவாஞ்சேரிக்கு அப்பால் வீடு பார்த்துச் சென்றுவிட்டிருப்பார்.

புறநகரின் இயல்பு இது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய காலந்தொட்டே, இது வந்து தங்குவோரின் ஊர். தங்கியோர் நகர்ந்துபோகும் ஊருங்கூட. தென்மாவட்டச் சிற்றூர்களில் பாஸ்கு நடத்துவோரைக் கண்டு நான் பொறாமைப்பட்டதுண்டு. தகப்பன் கட்டிய வேடத்தை மகன் கட்டும் ஊர்கள் அவை.

செருமனியின் பவாரியாப் பகுதியிலுள்ள ஓபராமர்கௌ என்னும் சிற்றூரைப் பற்றி வாசித்தபோது அப்பொறாமை இன்னும் வளர்ந்தது. 1633-இல் கொள்ளைநோயின் நடுவே அவ்வூரார் நேர்ந்துகொண்ட பொருத்தனையின்படி, 1634 முதல் அங்கே பாடுகளின் நாடகம் நடைபெற்று வருகிறது. அவ்வூரிலேயே பிறந்தவரோ, இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவரோதான் அதில் நடிக்கலாமாம். எங்கள் பங்கில் அவ்விதியை வைத்தால் மேடையில் நானும் கோவில் பிள்ளையும் மட்டுமே நிற்போம்! ஆனால் அவர்களுக்கும் கவலை இல்லாமலில்லை. 2020-இல் பெருந்தொற்றினால் தள்ளிப்போன நாடகத்தை 2022-இல் நடத்தியபோது, முதன்மை வேடங்களுக்கு இவ்விருவரை வைத்திருந்தனர்.

தொடக்க ஆண்டுகளில் நான் கண்டிப்பையே நம்பினேன். மூன்று ஒத்திகைக்கு வராதவர் நீக்கப்படுவார் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினேன். அதனால் ஒருவரும் கூடுதலாக வரவில்லை. வரக்கூடியவர் சிலரும் அஞ்சி நின்றுவிட்டனர். அக்காலத்தில்தான் நான் இன்றும் நினைத்து வருந்தும் அந்நிகழ்ச்சி நேர்ந்தது.

இயேசுவாக நடித்த தம்பி ஒருவன், புனித வெள்ளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் என்முன் வந்து நின்றான். வளைகுடா நாட்டிலிருந்து விசா வந்துவிட்டது. அந்த வாரமே புறப்பட வேண்டும் என்றான். தங்கைக்குத் திருமணம் பேசியிருந்தார்கள் என்பதும், தகப்பனார் வேலையிழந்திருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், "பாதியிலே விட்டுப்போறவனுக்கு இந்த மேடையிலே இனி இடமில்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அவன் போனான். அவ்வாண்டு நாடகம் நடந்தது. எப்படி நடந்தது என்பதைச் சொல்லாமலிருப்பதே நலம்.

யூதாசின் இடத்தை நிரப்பத் திருத்தூதர்கள் கூடிய அதிகாரத்தை அதன்பின் ஓர் இரவு வாசித்தேன். பலமுறை வாசித்ததுதான். யோவான் திருமுழுக்குக் கொடுத்த காலமுதல் ஆண்டவர் விண்ணேற்றமடைந்த நாள்வரை தங்களோடு இருந்த ஒருவரே வேண்டும் என்கிறார் பேதுரு. அத்தகையவர் இருவர் இருந்தனர்: யுஸ்து எனப்பட்ட யோசேப்பு பர்சபா, மத்தியா. பன்னிருவருள் இல்லாமலே, எந்தப் பெயர்ப்பட்டியலிலும் இடம்பெறாமலே, அத்தனை காலமும் உடன் நடந்தவர்கள்! சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. யோசேப்பைப் பற்றி அந்நூல் அப்பால் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கென்னவோ அவர்மீதே மனம் சென்றது. எங்கள் குழுவில் அப்படி ஓரமாய் நின்று எல்லா வசனங்களையும் கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்று அடுத்த ஞாயிறே பார்த்தேன். தேநீர் கொண்டுவரும் பையன் காய்பாவின் வசனம் முழுவதையும் தப்பின்றிச் சொன்னான்.

அதன்பின் சில முறைகளை மாற்றினோம். வேடத்துக்கு இருவர் என்பதை முயன்று பார்த்துக் கைவிட்டோம். இரண்டாமவர் தம்மை உதிரிப்பாகமாக எண்ணி வருந்தினார். எங்களுக்குப் பயன்பட்டது ஒரு நீண்ட சிவப்பு மேலாடையும் ஒரு குறிப்பேடுமே. மேலாடையை அணிந்தவர் இயேசு என்பது மக்களுக்குப் பழகிவிட்டது. ஓராண்டு பதினான்கு நிலைகளில் நான்கு பேர் மாறிமாறி அதை அணிந்தார்கள், எவரும் முகஞ்சுளிக்கவில்லை. குறிப்பேட்டிலோ, குழுவை விட்டுச் செல்பவர் தம் வேடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவைத்துச் செல்லவேண்டும். எங்கே குரல் தாழவேண்டும், எந்தப் படி ஆடும், ஒலிவாங்கி எவ்விடத்தில் இரையும் என்பன போன்றவை. எவ்வளவு நாள் இங்கிருப்பார் என்று தெரியாதவரைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறோம். எருசலேம் மகளிர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணப்போவதில்லை.

ஏழாண்டு கழித்து ஒரு தவக்காலத்தில் அத்தம்பி விடுமுறையில் வந்திருந்தான். ஒத்திகையின்போது மதிற்சுவர் ஓரத்தில் நின்றிருந்தான். நான் அழைக்கவில்லை, வெட்கம் தடுத்தது. அன்னை மரியாவாக நடிக்கும் அக்காதான் என்னருகில் வந்து, "பம்பிலியாவிலே விட்டுட்டுப் போன மாற்கைப் பவுலே கடைசியிலே கூட்டிட்டு வரச் சொல்லலியா, சார்?" என்றார். அவர் மறைக்கல்வி ஆசிரியை. அந்த மாற்கை முன்னிட்டுப் பவுலும் பர்னபாவும் கடுமையாக வாதிட்டுப் பிரிந்ததையும், பின்னாளில் திமொத்தேயுவுக்கு எழுதும்போது மாற்கு தமக்குப் பயன்படுவார் எனப் பவுலே குறிப்பிட்டதையும் நான் நன்றாக அறிவேன். சற்று நேரம் பேசாமல் நின்றேன். பிறகு மதில் ஓரத்துக்குச் சென்று, அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் விடுங்க சார்" என்றவன், மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பையன் முட்டியிலே விழறான். சிலுவை கனத்துக்கு முட்டி போயிடும்."

மேடையேறி, மேலாடை அணிந்திருந்த சிறுவனுக்கு விழக் கற்றுக்கொடுத்தான். முன்கை முதலில், பிறகு தோள், சிலுவையின் கனம் தரைக்குப் போகவேண்டும், உடம்புக்கு வரக்கூடாது. இருட்டும்வரை மூன்று முறை விழுவதையும் தனித்தனியே காட்டினான். புறப்படுமுன் குறிப்பேட்டை அவனிடம் நீட்டினேன். ஏழாண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கவேண்டிய பக்கத்தை அங்கேயே அமர்ந்து எழுதினான். இவ்வாண்டு சிலுவை சுமக்கும் புதிய பையன், நேற்று அந்தப் பக்கத்தைத்தான் நகலெடுத்துச் சென்றான்.