பாலத்துறையில் பெற்றோல் வாடை

கொழும்பு ஆமர் வீதியிலிருந்து களனி கங்கைப் பக்கமாக நடந்தால் கிராண்ட்பாஸ் வந்துவிடும். தமிழில் இதற்குப் பாலத்துறை என்று பெயர். பெயருக்கு ஏற்றாற்போல் 1822இல் இங்கே கங்கையின் மேல் படகுகளை வரிசையாகப் பிணைத்துப் பாலம் அமைத்தார்கள். 1895இல் விக்டோரியா பாலம் வரும்வரை வண்டிகள் அந்தப் படகுப் பாலத்தையே நம்பியிருந்தன.

வண்டிகளின் ஓட்டம் இன்றும் ஓயவில்லை. லொறிகளுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் நடுவில் பழைய வில்லிஸ், லண்ட் ரோவர், சின்னச் சுசுகி ஜீப்புகளையும் காணலாம். மலைப் பாதைக்கும் சேற்றுப் பாதைக்கும் சளைக்காதவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியைப் பேணுவதே பலருக்குக் கதியாயிற்று.

இந்தப் பெற்றோல் ஜீப்புகளுக்கு அடிக்கடி வரும் நோய், காபரேட்டர் ஒழுகுவது. "அது ஆம்பிளைகள் பாடு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நெருக்கமான தோட்டங்களில் வண்டி நிற்கும் இடத்துக்கும் குசினி வாசலுக்கும் சில அடிகள்தான் தூரம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து அடுப்புவரை வந்துவிடும். வாடையை முதலில் உணர்வதும் வீட்டிலிருக்கும் நீங்களாகத்தான் இருக்கும்.

வாடை வந்தால் முதலில் அடுப்பை அணையுங்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். வண்டியை ஸ்டார்ட் பண்ண விடாதீர்கள். பெற்றோல் குழாயில் திருகி இருந்தால் மூடச் சொல்லுங்கள். பெற்றோல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, தீ இன்னும் பரவும். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி, ஏன் ஒழுகுகிறது? வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்ததும் மிதக்கும் பந்து உயர்ந்து குழாயை அடைக்கிறது அல்லவா? காபரேட்டரின் கிண்ணத்திலும் அப்படியே ஒரு மிதவை உண்டு. அது உயர்ந்து ஒரு சிறிய ஊசியைத் தள்ளிப் பெற்றோல் வரும் துவாரத்தை மூடுகிறது. ஊசி சரியாக மூடாவிட்டால் கிண்ணம் நிரம்பி வழியும்.

எங்கே ஈரம் என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். எஞ்சின் ஆறிய பிறகு காபரேட்டரைத் துடைத்து, கீழே வெள்ளைக் கடதாசி விரித்துக் கவனிக்க வேண்டும். ரப்பர் குழாய் மாட்டும் இடத்தில் ஈரமென்றால் குழாய் வெடித்திருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். மூடியும் கிண்ணமும் சேரும் விளிம்பில் என்றால் கெஸ்கட் பழுது, அல்லது மூடி வளைந்திருக்கிறது. மூடியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். மேலதிகப் பெற்றோல் வெளியேறும் துவாரத்தில் வழிந்தால் ஊசியோ மிதவையோதான் காரணம்.

ஊசியில் தூசு சிக்கியிருக்கலாம். மாதக்கணக்காக ஓடாமல் நின்ற வண்டியில் பழைய பெற்றோல் பிசினாகி ஊசியை ஒட்டவைத்துவிடும். கழுவினால் சரியாகும். ஊசி முனையில் தேய்ந்த வளையம் தெரிந்தால் ஊசியையும் அது அமரும் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மிதவையைக் காதோரம் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் அது ஓட்டை.

இன்னொன்று: எஞ்சின் எண்ணெயில் பெற்றோல் வாடை அடித்தாலோ, எண்ணெய் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ, ஒழுகிய பெற்றோல் உள்ளே இறங்கிவிட்டது. எண்ணெயை மாற்றாமல் ஓட்டினால் எஞ்சினே போய்விடும்.

சாமான் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. மருதானைப் பக்கமுள்ள பஞ்சிகாவத்தை, வாகன உதிரிப்பாகங்களுக்கு நாடறிந்த இடம். "முழு காபரேட்டரையும் மாற்றுவோம்" என்று கராஜில் பாஸ் சொன்னால், "ஊசியையும் மிதவையையும் கெஸ்கட்டையும் பார்த்தீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். உடல் வெடித்திருந்தால் ஒழிய முழுதாக மாற்ற அவசியமில்லை. அந்த ஒரு கேள்வியில் வீட்டுச் செலவில் நல்ல தொகை மிஞ்சும். ஆனால் பழுது பார்க்கும்வரை வண்டி குசினிப் பக்கம் நிற்கக் கூடாது. அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.