முதல் போட்டவர்களுக்கு

ஆகஸ்ட் 27, 2025, புதன்

விநாயகர் சதுர்த்தி. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியும் இன்றைக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையார் பந்தலில் நின்றவர்கள்கூட இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். துணிக் கணக்குப் பார்க்கும் எங்கள் சாப்ட்வேரை மாதச் சந்தாவுக்கு எடுத்திருக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அமெரிக்க ஆர்டரை நம்பியவை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகின்றன. "பையர் ஹோல்டு பண்ணச் சொல்லிட்டாருங்க. சந்தாவைத் தீபாவளி கழிச்சுப் பாத்துக்கலாமுங்க."

முதலீட்டாளர்களுக்கு எழுதும் மாதக் கடிதம் இந்த வாரம் போயாக வேண்டும். என்னோடு கம்பெனி தொடங்கிய நண்பன், "ரெண்டு வாரம் தள்ளிப்போட்டா நிலவரம் தெரிஞ்சுரும்" என்கிறான். நிலவரம் தெரியாத இந்த நேரத்தில்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

ஆகஸ்ட் 28

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி, ஆண்டின் கடைசிக் காலாண்டைத் தவிர மற்றவை ஒவ்வொன்றும் முடிந்து 45 நாளுக்குள் கணக்கை வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. எங்களைப் போன்ற சிறிய பிரைவேட் லிமிடெட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும்; அதற்கு மேல் பங்குதாரர் ஒப்பந்தத்தில் என்ன எழுதினோமோ அதுதான். ஆனால் கையிருப்பை மாதக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும் கம்பெனியைப் பற்றி வருஷத்துக்கு ஒருமுறை தெரிந்துகொண்டு ஒருவர் என்ன செய்துவிட முடியும்?

இந்த ஊரில் தொழிலுக்கு முதல் போடுகிறவர் பெரும்பாலும் மாமனாகவோ மச்சானாகவோ, கூட வேலை பார்த்த பழைய பார்ட்னராகவோ இருப்பார். சாயங்காலம் கம்பெனிக்குள் ஒரு நடை நடந்தால் போதும். எத்தனை ஓவர்லாக் மிஷின் ஓடுகிறது, செக்கிங் டேபிளில் எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது, சனிக்கிழமை சம்பளம் எத்தனை மணிக்குக் கைக்கு வந்தது என்று பார்த்தே கணக்குப் போட்டுவிடுவார். எங்கள் ஆபீஸுக்கு வந்தால் நாலைந்து பிள்ளைகள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும், அவ்வளவுதான். அந்த நடைக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

ஆகஸ்ட் 30, சனி

வரைவு முடிந்தது. முதல் வரியிலேயே கெட்ட செய்தியை வைத்துவிட்டேன். அதற்கடுத்து மூன்று எண்கள்: வங்கியில் இருக்கும் பணம், மாதச் செலவு, இதே வேகத்தில் போனால் எத்தனை மாதம் தாங்கும்.

வருமானத்தைத்தான் ரொம்ப நேரம் பிரித்துப் பிரித்து எழுதினேன். பில் போட்ட தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை இன்னொன்று. கடனுக்கு வாங்கி மெதுவாகக் கொடுப்பது இங்கே ஊறிப்போன பழக்கம். சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தராவிட்டால், கொடுக்கிற வருஷம் வரை அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று சொல்லும், வருமான வரிச் சட்டத்தின் 43பி-எச் பிரிவு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. மார்ச் நெருங்கினால் பணம் கொஞ்சம் வேகமாக நகர்கிறது. மற்ற மாதங்களில் பழைய நடைதான். அதனால் பில் தொகையை மட்டும் காட்டினால் கடிதம் பொய் சொல்லும்.

எங்கே குறைந்தது என்று மறைக்காமல் காட்டுவதுதான் எங்கள் சாப்ட்வேரின் வேலையும். நிட்டிங்கில் இருந்து டையிங்குக்கு 100 கிலோ துணி போய், காம்பாக்டிங் முடிந்து 94 கிலோ திரும்புகிறது என்றால், குறைந்த ஆறு கிலோ எந்த இடத்தில் குறைந்தது என்று ஒவ்வொரு டெலிவரி சலானையும் வைத்துக் காட்டும். இந்தப் புராசஸ் லாஸை மறைக்கிற சாயப்பட்டறைக்கு அடுத்த லாட்டை யாரும் அனுப்புவதில்லை. ஊருக்கு அந்தக் கணக்கை விற்கிற நாங்கள் எங்கள் லாஸை மறைக்கக் கூடாது.

செப்டம்பர் 1

மில்களின் இந்த மாத நூல் விலை என்ன என்று காலையிலிருந்து ஊரே போனில் இருக்கிறது. நான் கடிதத்தில் இருந்து சில வரிகளை நீக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் முதலீட்டாளர்களில் ஒருவர் எக்ஸ்போர்ட்டர். எங்கள் வாடிக்கையாளர் சிலர் அவருக்கே போட்டி. ஒரே பையருக்குத் தைக்கிறவர்களும் உண்டு. ஒரு கம்பெனி சாயத்துக்கு எத்தனை கிலோ அனுப்பியது என்று தெரிந்தால், அதன் ஆர்டர் எவ்வளவு என்று அவர் மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். "அங்கேரிபாளையம் பக்கம் ஒரு கம்பெனி நிறுத்திவிட்டது" என்று எழுதினாலே பெயரைக் கண்டுபிடித்துவிடுவார். வாரன் பபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்களை உலகமே படித்தது; அவை பொதுவில் வைப்பதற்கென்றே எழுதப்பட்டவை. எங்களுடையது விரல்விட்டு எண்ணக்கூடிய பேருக்குப் போகிறது, ஆனால் அத்தனை பேரும் ஒரே ஊர். அதனால் பெயர், பகுதி, மிஷின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அமெரிக்கா, ஐரோப்பா, உள்நாடு என்று மூன்று வரிசை மட்டும் வைத்தேன். ராத்திரி அனுப்பினேன்.

செப்டம்பர் 2

எக்ஸ்போர்ட்டர் அண்ணன் கூப்பிட்டார்.

"யாரு நிறுத்துனாங்கன்னு மட்டும் சொல்லு தம்பி. வெளிய போகாது."

"அது மட்டும் வேண்டாமுங்ணா. நாளைக்கு உங்க லாட் கணக்கை இன்னொருத்தர் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."

"செரி, விடு" என்று அடுத்த எண்ணுக்குப் போனார். மாதச் செலவில் சர்வர் வாடகை ஏன் கூடியது என்று கேட்டார். நல்ல கேள்வி.

இன்னொரு முதலீட்டாளரான, மில் வைத்திருக்கும் மாமாவும் பேசினார். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்தை எடுத்தார். "அப்ப நானும் வெளிய பணம் வாங்கியிருந்தேன் கண்ணு. நானாப் போயிச் சொன்ன எடத்துல எல்லாம் தவணை குடுத்தாங்க." எத்தனை மாதம் தாங்கும் என்ற எண்ணை மறுபடி ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டார்.

செப்டம்பர் 9

கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு உதவி கேட்டிருந்தேன்: உள்நாட்டுக்கு உள்ளாடை தைக்கிற, துணியைச் சாயத்துக்கு வெளியே கொடுத்து வாங்குகிற முதலாளி ஒருவரோடு அரை மணி நேரம். "ஆதரவு தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் எதுவும் செய்யத் தோன்றாது. அந்த எக்ஸ்போர்ட்டர் அண்ணனே ஒருவரிடம் அனுப்பிவைத்தார். இன்று காதர்பேட்டையில் அந்த முதலாளியைப் பார்த்தோம்.

டையிங் கணக்கைக் காட்டியதும் தலையாட்டினார். பிறகு ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டார். கட்டிங் முடிந்த துணி, கூலிக்குத் தைக்கும் எந்தப் பவர்டேபிளுக்கு எத்தனை டஜன் போனது, எத்தனை திரும்பியது என்று பக்கம் பக்கமாகப் பென்சில் எழுத்து. "எனக்குக் காசு போறது இங்கதானுங்க. இதைப் போடுமா உங்க சாப்ட்வேரு?"

இப்போதைக்குப் போடாது என்றோம். செப்டம்பர் கடிதத்தில் இதை முதலில் எழுத வேண்டும்: பவர்டேபிள் கணக்கைக் கட்ட எத்தனை வாரம், என்ன செலவு, அந்தச் செலவால் கையிருப்பில் எத்தனை மாதம் குறையும், கட்டினால் அவர் எவ்வளவு சந்தா கொடுக்கச் சம்மதிக்கிறார். கடைசிக் கேள்விக்குப் பதில் வாங்க வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.